மேபலின் வாயும் யூஜினியின் கையும்

யூஜினியைக் குதிரைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்காபரோவில் ஒரு பேக்கரியில் நாங்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்று பணிஸ் அடுக்கிக்கொண்டிருந்த காலம் அது. சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு நாள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை காலைகளில் குதிரைக் கொட்டில் கூட்ட ஆள் தேவை, சம்பளத்தோடு அரை மணி நேரம் குதிரை ஓடவும் பழக்குவோம் என்று எழுதியிருந்தது. அதை முதலில் கண்டவள் நான். வேறு யாரும் காணாதபடி கிழித்துக் கைப்பைக்குள் வைத்தேன். தனியாகப் போகப் பயமாக இருந்தபடியால்தான் யூஜினியிடம் காட்டினேன். அந்தப் பயத்துக்காக என்னை நானே பல தடவை ஏசியிருக்கிறேன்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்தொன்பது. அவள் டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் கணவன் அன்புராசாவோடு இருந்தாள். பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றெட்டில் கனடாவுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து ஹோட்டல் அறை கூட்டினாள், கோழித் தொழிற்சாலையில் நின்றாள், முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டினாள். எந்த வேலைக்குப் போனாலும் மூன்றாம் நாளே அங்கே பத்து வருடம் நின்றவளைப் போல ஆகிவிடுவாள். பேச்சு மிகவும் குறைவு. எனக்கு வாய் அதிகம், வேலை பிடிபடத்தான் நாளாகும். பேக்கரி மேற்பார்வையாளன் அவளை ‘ஜீனி’ என்று செல்லமாகக் கூப்பிடுவான். என்னை ‘ஹலோ’ என்பான். செலீன் என்ற பெயர் அப்படி ஒன்றும் கஷ்டமான பெயரில்லை.

கொட்டில் ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது. நடத்தியவள் ஹென்னி என்ற ஒல்லாந்துக்காரி. எங்கள் வயதுதான். அவள் பழக்குவது ட்ரெஸாஜ். குதிரையைப் பாயவிட்டு ஓட்டப்போட்டி வைக்கும் விசயமல்ல இது. ஒரு நீள்சதுர வெளி, அதைச் சுற்றி எழுத்துப் பலகைகள். இந்த எழுத்தில் திரும்பு, அந்த எழுத்தில் வட்டம் போடு, இங்கே நில் என்று தாளில் எழுதியிருக்கும். அதை ஆரவாரமில்லாமல், குதிரையும் ஆளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஆள் சும்மா இருப்பதுபோலத் தெரிய வேண்டும். முதல் நாள் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இதில் என்ன பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே குதிரை. மேபல் என்ற செம்மட்டை நிறப் பெட்டை, பதினாறு வயது. புதிதாகப் பழக வருகிறவர்கள் எல்லாரும் வருடக்கணக்காக இழுத்து இழுத்து அதன் வாய் மரத்துப்போயிருந்தது. யாராவது கடிவாள வாரைத் தொட்டாலே தலையை மேலே எறியும். ஹென்னி மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த வாரைப் பிடிப்பதைத்தான் மாதக்கணக்காகச் சொல்லித்தந்தாள். வாரின் ஒரு நுனி உன் கையில், மற்ற நுனி அதன் வாயில் இருக்கிற இரும்பில். இடையில் வார் தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. குதிரை நடக்கும்போது தலை முன்னும் பின்னும் ஆடும், உன் முழங்கையும் அதோடு போய்வர வேண்டும். முதலில் காலால் முன்னுக்கு அனுப்பு, அது தானாக வந்து உன் கையைத் தேடட்டும், நீ தேடிப் போகாதே.

நான் எதையும் இறுக்கிப் பிடிக்கிற பிறவி. மேபல் தலையை எறிந்தது. ஹென்னி கத்தினாள். உடனே முழுவதையும் விட்டுவிட்டேன். வார் உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரித் தொங்கியது. அதற்கும் கத்தினாள். விட்டுவிடுவது அன்பில்லை, குதிரையை நட்டாற்றில் கைவிடுவது என்றாள். பிடித்தாலும் பிழை, விட்டாலும் பிழை என்றால் என்னதான் செய்வது என்று வீடு வரும் வரைக்கும் காருக்குள் புறுபுறுத்தேன்.

யூஜினிக்கு மூன்றாம் சனிக்கிழமையே பிடிபட்டுவிட்டது. மேபல் கழுத்தை நீட்டி, வாயை மெல்ல அசைத்துக்கொண்டு, பஞ்சுபோல நடந்தது. ஹென்னி ஒரு சொல்லும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். வாய் ஓயாமல் கத்துகிற பெண் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

“எப்பிடியடி செய்தனி?” என்று கேட்டேன், சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு.

“தேங்காய்ப்பூவிலை ரெண்டாம் பால் பிழியிற மாதிரி,” என்றாள். “முதல் பாலுக்கு முறுக்குவமெல்லோ, அப்பிடி இல்லை. மோதிர விரல் மட்டும் கொஞ்சம் மூடும், திறக்கும். அவ்வளவுதான்.”

என் வீட்டில் ஐந்து பேருக்குச் சமைக்கிறேன். அவளைவிட நான்தான் அதிகம் தேங்காய்ப்பால் பிழிந்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை அப்படியே செய்து பார்த்தேன். மேபல் வாயை ஆவென்று திறந்து என்னைப் பழிப்புக்காட்டியது.

மார்ச் மாதம் ஹென்னி ஒரு பயிற்சி வைத்தாள். குதிரை இல்லாமல், ஒருத்தி குதிரையாக நின்று கடிவாள இரும்பை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். மற்றவள் பின்னால் நின்று வாரைப் பிடிக்க வேண்டும். குதிரையாக நிற்பவள் கண்ணை மூடிக்கொண்டு, வாரில் வருவதை வைத்தே நடக்க வேண்டும். யூஜினி குதிரை, நான் ஓட்டுபவள். பத்து அடி நடந்திருப்போம். யூஜினி நின்றுவிட்டாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“செலீன், உனக்கு என்னிலை ஏதும் கோவமோ?”

“எனக்கென்ன கோவம்? நட,” என்றேன். வாரை அங்கேயே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். முகம் சுட்டது. வாயால் சொல்லாததை ஒருத்தி தோல் வாரில் கண்டுபிடிப்பாள் என்றால் அவளோடு எப்படிப் பழகுவது?

கோபமில்லை, பொறாமைதான். இன்னும் மோசமான ஒன்றையும் சொல்கிறேன். அந்த வருடம் இரண்டாயிரத்து ஒன்பது. ஊரில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. யூஜினியின் ஒரே தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். பெப்ரவரியில் ஒரு தடவை பேசினான், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்தால் சனம் அவளைச் சூழ்ந்துகொள்ளும். சாமியார் அவள் தலையில் கை வைத்துச் செபிப்பார். என் ஆட்கள் எல்லாரும் எண்பதுகளிலேயே வெளிக்கிட்டு ஜேர்மனியிலும் இங்கேயும் பத்திரமாக இருந்தார்கள். அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அந்தத் துயரத்திலும் அவளுக்குத்தான் முதலிடம் என்று புழுங்கினேன். இப்படி ஒரு மனம் எனக்கு இருக்கிறதென்று எழுதவே கை கூசுகிறது, ஆனால் இருந்தது.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது, மோர்னிங்சைட் சிக்னலில், அவளாகவே பேசினாள்.

“அந்த அரை மணித்தியாலம்தான் செலீன், நான் ரெலிபோனைப் பாக்காமல் இருக்கிறன். கையிலை மேபலின்ர வாய் இருக்கு. வேறை ஒண்டையும் நினைக்கேலாது. நினைச்சா அவளுக்கு விளங்கிடும், நிண்டிடுவாள்.” பிறகு, “நான் குதிரை ஓடுறது இவருக்குத் தெரியாது. கொட்டில் கூட்டப் போறனெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறார். சொல்லிப்போடாதை,” என்றாள்.

“எனக்கென்ன விசரே?” என்றேன்.

ஏன் மறைத்தாள் என்பது எங்கள் ஆட்களுக்கு விளங்கும். அந்த மாதங்களில் ரொறன்ரோவில் நாங்கள் ஒன்றும் கொண்டாடவில்லை. பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடுகள் நின்றன, அரங்கேற்றங்கள் தள்ளிப்போயின, கட்டிய காசு போனாலும் பரவாயில்லை என்று மண்டபங்களை விட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாசலில் பலூன் கட்டியது. அன்றைக்கு அந்த வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை, பிறகு லிப்டில் கண்டாலும் சனம் முகத்தைத் திருப்பியது. வேலை முடிந்தால் கறுப்பு உடுப்போடு பஸ் பிடித்து யூனிவர்சிற்றி அவென்யூவுக்குப் போய் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் நிற்பது, வீட்டுக்கு வந்து ரீவிக்கு முன்னால் இருப்பது. இதுதான் எங்கள் நாட்கள். தம்பி அங்கே கிடக்க, அக்கா இங்கே குதிரை ஓடினாள் என்றால் அவளை யார் மன்னிப்பார்கள்?

மே மாதம் முதல் கிழமை ஹென்னி எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். விக்ரோறியா நாள் லீவுத் திங்கட்கிழமை கொட்டிலில் ஒரு சிறிய போட்டி. வெளியிலிருந்து ஒரு நடுவர் வருகிறார். ஆரம்பப் பிரிவில் மேபலும் போகும். ஒரு குதிரைக்கு ஒரு ஆள்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்வார்கள், என்னை ஹலோ என்று கூப்பிட முடியாது, என் பிள்ளைகள் வேலிக்கரையில் நின்று பார்ப்பார்கள் என்று இரவிரவாக யோசித்து வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசைப்பட்டு எதையும் நான் கேட்டதில்லை.

“யூஜினி,” என்றாள் ஹென்னி. அலுமாரியிலிருந்து போட்டிக்குப் போடும் வெள்ளைக் காற்சட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

யூஜினி என் பக்கம் திரும்பி, “நீ வேணுமெண்டால் ஓடு செலீன், எனக்கு ஒண்டுமில்லை,” என்றாள். அவள் வேண்டாமென்று தருவதை நான் வாங்கவா? “சீச்சீ, உன்னைத்தானே சொன்னவ,” என்றேன்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் யூனிவர்சிற்றி அவென்யூவில் அன்புராசாவைக் கண்டேன். பாவம், நல்ல மனிதர். கோசம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது. மைத்துனனின் படத்தை மட்டையில் ஒட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். யூஜினிக்கு அந்தக் கிழமை பேக்கரியில் இரவு வேலை. அவருக்குப் பக்கத்தில் அவரின் ஒன்றுவிட்ட அக்காமார் இரண்டு பேர் நின்றார்கள். நான் யோசிக்காமல் உளறிவிட்டேன் என்று இவ்வளவு காலமும் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். பொய். சுரங்க ரயிலில் வரும்போதே வசனத்தை அடுக்கிக்கொண்டுதான் வந்தேன்.

“அண்ணை, திங்கக்கிழமை நீங்களும் வருவியளோ, யூஜினியின்ர குதிரைப் போட்டி பாக்க?”

“என்ன போட்டி?”

“ஐயோ, உங்களுக்குச் சொல்லேல்லையே? வெள்ளைக் காற்சட்டையெல்லாம் குடுத்திருக்கினம். நான் நினைச்சன் உங்களுக்குத் தெரியுமெண்டு.”

அவர் கழுத்தில் தொங்கிய படத்தை ஒரு தடவை நிமிர்த்திவிட்டார். அக்காமார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு போதும். டோர்செட் பார்க் முழுவதும் விசயம் போய்ச்சேர அடுத்த நாள் மத்தியானம்கூட ஆகவில்லை.

சனிக்கிழமை யூஜினி வரவில்லை. திங்கட்கிழமை தன்னால் ஓட முடியாதென்று ஹென்னிக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். காரணம் சொல்லவில்லையாம். ஹென்னி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்படியென்றால் நீதான், வேறு ஆளில்லை,” என்றாள். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க நான் இரண்டு வாளி சாணியை ஓடி ஓடிக் கொட்டினேன்.

திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி. ஊரில் எல்லாம் முடிந்தது என்று முதல் நாள் இரவே செய்தி வந்துவிட்டது. விடிய என் கணவர் ரீவிக்கு முன்னால் குந்தியிருந்தார், நான் கதவைச் சாத்தியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளை எழுப்பவில்லை. வேலிக்கரையில் நின்று பார்க்க ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் போனேன். ஏழு மணிக்குக் கொட்டிலுக்குள் நுழைந்தால், மேபலின் கழுத்தடியில் ஒரு மர வாங்கில் ஏறி நின்று யூஜினி அதன் பிடரிமயிரைப் பின்னிக்கொண்டிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கோயிலுக்கென்று சொல்லிவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள்.

அவள் அந்தக் கொட்டிலுக்கு வந்த கடைசி நாள் அதுதான். பேக்கரி வேலையையும் அடுத்த மாதமே விட்டாள். இப்போது பிறம்ரனில் இருக்கிறார்கள், ஒரு சாமான் கிடங்கில் இரவு வேலை என்று கேள்வி. தம்பியைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. முகாம் பட்டியல்களையெல்லாம் வருடக்கணக்காகத் தேடினாளாம். இவை எல்லாம் நான் மற்றவர்களிடம் கேட்டறிந்தவை.

“நீ ஏன் வந்தனி?” என்று அன்று காலை அவளைக் கேட்டேன்.

அவள் பின்னுவதை நிறுத்தவில்லை. “நீதான் இவரிட்டைச் சொன்னதெண்டு எனக்குத் தெரியும். அதைக் கதைக்க வரேல்லை. இண்டைக்கு எனக்கு அதுக்குத் தெம்பில்லை.” கடைசிப் பின்னலை ஊசிநூலால் கட்டினாள். “நீ உந்த மனதோட இவளின்ர வாயிலை கை வைக்கப்போறாய். மூண்டு மாசமா நான் ஆத்தின வாய். அதுதான் வந்தனான்.”

நான் ஏறினேன். அவள் என் முழங்கையைப் பிடித்து விலாவோடு சேர்த்தாள். பெருவிரலை மேலே திருப்பினாள். மோதிர விரலை ஒரு தடவை மூடித் திறந்து காட்டினாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கை குளிர்ந்திருந்தது.

ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னது. உள்ளே போனோம். நான் காலால் மெல்லத் தட்டினேன். மேபல் கழுத்தை நீட்டி முன்னுக்கு வந்து, என் கையில் வாயை வைத்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும், வைத்தது. பாரமில்லை, வெறுமையுமில்லை. இரண்டு வாரிலும் அது மெதுவாக மெல்லுவது என் விரல்களுக்குத் தெரிந்தது. முழங்கை தானாகப் போய்வந்தது. இவ்வளவு காலமும் ஹென்னி தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான் என்று விளங்கியது. அந்த நாலு நிமிடத்துக்குள் கண்ணில் நீர் வந்தது. அதோடு இன்னொன்றும் விளங்கியது. குதிரை என்னை நம்பி வரவில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தன்னைப் பிடித்த ஒருத்தியின் கையை எதிர்பார்த்து வந்தது. யூஜினிக்குக் கிழமைதோறும் கிடைத்தது இதுவா? பொறாமை அடங்கியிருக்க வேண்டிய இடம் அது. எனக்கு அது முன்னையைவிடக் கூடியது.

வெளியே வந்தபோது யூஜினி வாசலில் நின்றாள். நான் இறங்கினேன். அவள் சேணத்தின் வாரைத் தளர்த்தி, கடிவாளத்தைக் கழற்றத் தொடங்கினாள். மேபல் தானாக வாயைத் திறந்து இரும்பை விடும் வரைக்கும் அவசரப்படாமல் காத்துக்கொண்டு நின்றாள். ஹென்னி வந்து என் தோளில் தட்டினாள்.

எங்கள் பிரிவு முடிந்ததும் நடுவர் எழுந்து எங்கள் பக்கமாக நடந்துவந்தார். வயதான, கண்டிப்பான வெள்ளைக்காரப் பெண். மேபலை முந்திய வருடங்களிலிருந்தே அவருக்குத் தெரியுமாம். இந்தக் குதிரையின் வாய் இப்படி இருந்ததில்லையே, தலையை எறிந்துகொண்டே திரியுமே, யார் இதைப் பழக்கியது என்று என்னைக் கேட்டார்.

ஹென்னி என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். யூஜினி மேபலின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும்.

“நான்தான்,” என்றேன்.

ஹென்னி தலையைக் குனிந்துகொண்டு அப்பால் போனாள். நடுவர் என் கையைக் குலுக்கினார், அருமையான கைகள் என்றார். பிறகு யூஜினியின் பக்கம் திரும்பினார். சாணி பட்ட சப்பாத்தும் பழைய ஜக்கெற்றுமாக நின்றவளைக் குதிரை கழுவும் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். இவரின் கைகளைக் கவனித்துப் பார், உனக்கும் ஒருநாள் வரும் என்றார்.

“யெஸ், மேடம்,” என்றாள் யூஜினி.